கொம்பு முளைத்த கதை

பனி பெய்கிறது. ஆல்ப்ஸ் மலைச் சரிவிலே, ஆஸ்திரிய நாட்டுச் சிற்றூரொன்றில், மாலை ஐந்து மணிக்குள் இருள் கவிந்துவிட்டது. டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள். வீட்டினுள்ளே கணப்பு எரிகிறது. தாயின் மடியிலே ஐந்து வயதுக் குழந்தை. தெருவிலே மணியோசை கேட்கிறது. கோயில் மணியல்ல, மாட்டு மணி. ஒன்றல்ல, பத்து, இருபது! சங்கிலி தரையில் இழுபடும் அரவம். கதவு திறக்கிறது. முதலில் வருகிறார், வெண்தாடியும் நெடுமுடியும் வளைகோலும் தாங்கிய ஆயர். நிக்கலஸ் எனும் புனிதர். கையிலே ஒரு பேரேடு. அவர் பின்னே, ஆட்டுத்தோல் போர்த்து, கொம்பு வளைந்து, செந்நாக்குத் தொங்க, மிலாறுக் கட்டைச் சுழற்றியபடி வந்து நிற்கிறது ஓர் உருவம்! முதுகிலே கூடை. கூடை எதற்கு? கெட்ட பிள்ளைகளை அள்ளிப்போட்டுத் தூக்கிச் செல்வதற்கு!

குழந்தை அலறுகிறது. தாய் சிரிக்கிறாள். புனிதர் ஏட்டைப் பிரிக்கிறார். "செபம் சொன்னாயா? தாய்சொல் கேட்டாயா?" என்று வினா எழுகிறது. விடை சரியானால் ஆப்பிளும் கொட்டையும் இனிப்பும். தவறினால் கொம்பன் ஓரடி முன்னே வருகிறான்.

அந்தக் கொம்பனுக்குப் பெயர் கிராம்பஸ். ஆஸ்திரியா, பவேரியா, தென் டிரோல், சுலொவீனியா, குரோவேசியா, அங்கேரி என்று ஆல்ப்ஸ் மலையைச் சுற்றிய நாடுகளிலெல்லாம் குளிர்காலக் குழந்தைகளைக் குலைநடுங்க வைத்த பூச்சாண்டி இவன். கூரிய உகிர் எனப் பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பர் சிலர். வற்றி உலர்ந்தது எனப் பொருள்படும் பவேரிய வழக்கிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். ஊருக்கு ஊர் பெயரும் மாறும். கிழக்கு டிரோலில் அவன் கிளவ்பவ்ஃப், சுலொவீனியாவில் பார்க்கெல்.

தோலுக்குள்ளே இருப்பது யார்? நரகத்திலிருந்து வந்தவரா? இல்லை. காலையிலே பால் கறந்தவர். நேற்று மரம் அறுத்தவர். அடுத்த தெருத் தச்சரின் மகன். முகமூடி, அவ்வூர் மரச்சிற்பி செதுக்கியது. இடுப்பு மணி, மாட்டின் கழுத்திலே தொங்கும் மணி வகை. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதது ஒரே ஒருவருக்குத்தான். அந்த ஐந்து வயதுக் குழந்தைக்கு!

* * *

இந்தக் கொம்பன் எங்கிருந்து வந்தான்? கேட்டால் ஒரு கதை சொல்கிறார்கள். அழகான கதை. கிறித்துவம் வருமுன்னே வடபுலத்து மக்கள் வணங்கிய பழந்தெய்வம் இவன். இறந்தோர் உலகை ஆளும் ஹெல் என்னும் தேவியின் மைந்தன். புதிய மதம் வந்தது, பழைய தெய்வத்தைப் பேயாக்கியது, சங்கிலி பூட்டியது, ஆயருக்குப் பின்னே அடிமையாய் நடக்கவிட்டது! இதுதான் கதை.

தோழர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறோம். முதன்முதலில் இதைப் படித்தபோது நமக்கு உடல் சிலிர்த்தது. வென்றவன் எழுதும் ஏட்டிலே தோற்றவன் அரக்கனாவான் என்று அறிந்தவர்கள் அல்லவா நாம்? ஆல்ப்ஸ் மலையிலும் அதே அநீதியா, அங்கும் ஒருவனுக்குக் கொம்பு வைத்தார்களா என்று உள்ளம் கொதித்தது. எழுதுகோலை எடுத்தோம். எடுத்த கை, சற்றே நின்றது. நமக்கு இனிக்கிறது என்பது ஒரு செய்திக்குச் சான்றாகுமா? மாற்றாரின் புராணத்தை உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறோம். நம் மனத்துக்குப் பிடித்த புராணத்துக்கு மட்டும் உரைகல் வேண்டாமா?

தேய்த்துப் பார்த்தோம்.

வடபுலத் தெய்வங்களைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள பெருநூல்கள், 13ஆம் நூற்றாண்டிலே ஐஸ்லாந்தில் ஏட்டில் ஏறிய எட்டாக்கள். அவற்றில் ஹெல் உண்டு. அவள் தந்தை லோக்கி உண்டு. உடன்பிறந்த ஓநாயும் பாம்பும் உண்டு. கிராம்பஸ் என்றொரு மகன் இல்லை. ஐஸ்லாந்துக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் இடையே கடல் உண்டு; பல நூறு கல் தொலைவு உண்டு; இந்த உறவைச் சொல்லும் ஏடு மட்டும் இல்லை. பின் இந்தக் குடும்ப உறவு எங்கே வெளிச்சத்துக்கு வந்தது? 2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிராம் என்ற ஓவிய எழுத்தாளர் வெளியிட்ட கிராம்பஸ் புதினத்திலே! அவர் கற்பனை செய்தார். கற்பனை செய்வது புதினக்காரரின் உரிமை. படித்தவர்கள் அதை வரலாறென்று சொல்லிப் பரப்பினார்கள். ஆண்டு சில கடப்பதற்குள், நேற்றுப் பிறந்த கதைக்கு நரை முளைத்துவிட்டது. ஆயிரமாண்டுப் பழமை என்ற பட்டமும் கிடைத்துவிட்டது!

ஒரு புராணம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் தேவையில்லை, தோழர்களே. கேட்போர் கேள்வி கேட்காதிருந்தால், பத்தாண்டு போதும்.

* * *

சரி, ஏடுகள் காட்டும் பாதை எது?

நிக்கலஸ் என்பவர், இன்று துருக்கியிலுள்ள தெம்ரே என்ற ஊரில், அன்று மைரா எனப்பட்ட நகரில், 4ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் என்பது மரபு. சீதனம் கொடுக்க வழியின்றி மூன்று பெண் மக்களோடு தவித்த ஏழைத் தந்தையின் வீட்டிலே, இரவோடிரவாகப் பொன்முடிப்பு எறிந்தார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற கதை. 1087ஆம் ஆண்டு, அவர் எலும்புகளை இத்தாலியக் கடலோடிகள் பாரி நகருக்குக் கொண்டுசென்றனர். புகழ் ஐரோப்பாவெங்கும் பரவிற்று. அவர் திருநாள் டிசம்பர் 6. பள்ளிச் சிறுவர்களின் காவலர் என்று அவரைக் கொண்டாடினர்.

அப்போது அவருக்குப் பக்கத்திலே கொம்பன் நின்றானா? இன்று நாம் காணும் கோலத்தில் இல்லை. 16ஆம் நூற்றாண்டிலே மார்ட்டின் லூத்தர் எழுப்பிய சீர்திருத்தப் புயல் வீசியது. புனிதர் வழிபாடு வேண்டாம் என்றனர் சீர்திருத்தக்காரர். பரிசு கொடுப்பவர் நிக்கலஸ் அல்லர், குழந்தை இயேசு என்று மாற்றினர். கத்தோலிக்கத் திருச்சபை வாளாவிருக்குமா? 1545 முதல் 1563 வரை டிரென்ட் நகரிலே சங்கம் கூட்டி, தன் கோட்டையைப் பழுதுபார்த்தது. இயேசு சபையார் பள்ளிகள் திறந்தனர், நாடகம் நடத்தினர். மேடையிலே புனிதரும் வேண்டும், பேயும் வேண்டும். வீட்டுக்கு வீடு புனிதர் செல்லவும், பிள்ளைகளிடம் மறைக்கல்வி வினாக்களைக் கேட்கவும் வழக்கம் வளர்ந்தது. அந்தப் புனிதரின் பின்னேதான், 17ஆம் நூற்றாண்டுச் செய்திகளிலே, சங்கிலி பூண்ட பேய் தெளிவாகத் தெரிகிறது. கொம்பும் வாலும் குளம்பும் இடைக்காலத் தேவாலய ஓவியங்களில் பேய்க்கு முன்பே வழங்கப்பட்டவை. சங்கிலி, கட்டுண்ட பேயின் அடையாளம்.

ஆகவே என்ன தெரிகிறது? கிராம்பஸ், தோற்கடிக்கப்பட்ட தெய்வம் என்று காட்டச் சான்றில்லை. பணியமர்த்தப்பட்ட பேய் என்று காட்டச் சான்றுண்டு! தேவாலயத்தின் எதிரியாக அவன் வரவில்லை. அதன் ஏவலாளாக வந்தான். புனிதர் கை கறைபடலாகாது. அன்பின் திருவுருவம் குழந்தையை மிரட்டலாகாது. மிரட்டும் வேலைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. இனிப்பு ஒரு கையில், மிலாறு மறு கையில். இரண்டும் ஒரே உடம்பின் கைகள்.

பேர்க்தா என்றொரு கிழவி இருக்கிறாளே, அவள் பழந்தெய்வம் அல்லவா என்று கேட்பர். ஆம், ஆல்ப்ஸ் மலையில் அவள் கதை கிராம்பஸின் கதையினும் பழையது. கிறிஸ்துமஸ் தொடங்கி சனவரி 6 வரையுள்ள இரவுகளில் அவள் உலாவருவாள். நூற்க வேண்டிய நூலை நூற்று முடிக்காத பெண்ணின் வயிற்றைக் கிழிப்பாள், வைக்கோலை அடைப்பாள்! கேட்கவே நெஞ்சு பதறுகிறதல்லவா? இந்த அச்சத்தால் பயன் பெற்றது யார் என்று எண்ணிப் பாருங்கள். நூல் நூற்பவள் பயந்தாள். நூல் சேர்ந்தது வேறொருவர் பெட்டியிலே. அவள் பெயர்கூட, ஒளிமிகு இரவு என அத் திருநாளைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்தே வந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். அவள் பெயரால் ஓடும் முகமூடிக் கூட்டமும் கிராம்பஸ் கூட்டமும் நாளடைவில் உடையிலும் ஒப்பனையிலும் கலந்துவிட்டன. இரண்டையும் ஒன்றென எண்ணிக் கிராம்பஸுக்கும் பேர்க்தாவின் வயதை ஏற்றிவிட்டனர்.

* * *

வயதை ஏற்றியவர் யார்? இதுதான் நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம்.

1835ஆம் ஆண்டு யாக்கோபு கிரிம் என்ற பேரறிஞர், ஜெர்மானியப் புராணவியல் என்ற பெருநூலை வெளியிட்டார். சிதறிக் கிடந்த நாட்டார் கதைகளிலே, மறைந்த ஜெர்மானிய சமயத்தின் எச்சங்களைத் தேடினார். அவர் உழைப்பு பெரிது. ஆனால் அவர் வழிவந்தோருக்கு ஒவ்வொரு முகமூடியும் பழந்தெய்வமாயிற்று. ஒவ்வொரு கிராமத்துக் கூத்தும் மூவாயிரமாண்டு வேள்வியாயிற்று. நடுவிலுள்ள ஆயிரம் ஆண்டுகளுக்கு ஏடு இல்லையே என்று கேட்டவரைக் காணோம்.

1934ஆம் ஆண்டு ஒட்டோ ஹேஃப்லர் என்ற வியன்னா அறிஞர், முகமூடி ஓட்டங்களெல்லாம் பண்டை ஜெர்மானிய வீரர்களின் மறைகுழுச் சடங்குகள் என்று நூலெழுதினார். நாஜிகளுக்கு அது தேனாய் இனித்தது. தூய இரத்தம், தொன்மை மரபு, வீரர் குழு என அவர்கள் விரும்பிய சரக்கெல்லாம் அதிலே இருந்தது. கிராமத்து இளைஞன் ஆட்டுத்தோல் போர்த்து ஆடிய ஆட்டம், இனவெறிக்கு முன்னுரையாகப் பயன்பட்டது!

இப்போது சொல்லுங்கள், நாம் எடுத்த எழுதுகோலை நிறுத்தியது சரியா, தவறா? பழம்பெருமை என்ற மது, யார் கோப்பையில் இருந்தாலும் மதுதான். சான்றில்லாத பழமையை நாம் பேசினால், சான்றில்லாத பழமையை மாற்றார் பேசும்போது மறுக்க நமக்கு நா எழாது. பகுத்தறிவு, பகைவர் மீது வீசும் கல் அல்ல. நம் வீட்டு விளக்கு. அதன் வெளிச்சம் முதலில் நம் முகத்தில்தான் விழும்.

இந்தக் கொம்பனைத் தடுத்தவர்களும் பலவகையினர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சால்ஸ்பர்க்கை ஆண்ட பேராயர் கொலரெடோ, அறிவொளிக் காலத்தின் தாக்கத்தால், நாட்டார் சடங்குகள் பலவற்றைக் கத்தரித்தார். 1933இல் நாடாளுமன்றத்தை முடக்கி ஆஸ்திரியாவில் தனியாட்சி நிறுவிய டோல்ஃபுஸ் அரசும் கிராம்பஸ் ஆட்டத்தை ஒடுக்கியது. அது கட்டுப்பாட்டை விரும்பியதாலே. 1950களில் எழுந்த எதிர்ப்போ வேறு. வியன்னாவில், கிராம்பஸ் ஒரு கெட்ட மனிதன் என்ற தலைப்பிலே ஒரு துண்டறிக்கை பெற்றோருக்கு வழங்கப்பட்டது. குழந்தையின் நெஞ்சிலே அச்சத்தை விதைக்காதீர் என்று கேட்டது அது. முதல் இருவரும் மக்களை அடக்கத் தடுத்தனர். மூன்றாமவர் குழந்தையைக் காக்கத் தடுத்தனர். தடை ஒன்றுபோல் தோன்றும், நோக்கமே வேற்றுமை.

* * *

பேயாயிருந்தவன் காதலன் ஆன கதைக்கு இனி வருவோம். சிரிக்காதீர், இதுவும் வரலாறே!

உலகில் முதன்முதலாக அஞ்சலட்டை வெளியிட்ட நாடு ஆஸ்திரியா-அங்கேரி, ஆண்டு 1869. நூற்றாண்டு முடிவதற்குள் படம் அச்சிட்ட அட்டைகள் பெருகின. "கிராம்பஸின் வாழ்த்து" என்று பொறித்த செந்நிற அட்டைகள் ஆயிரக்கணக்கில் விற்றன. முதலில் அழும் குழந்தையும் கூடையும். பிறகு வந்தது மாற்றம். வியன்னா நகரத்து அட்டைகளிலே கொம்பன் மீசை முறுக்கினான். பட்டுடை நங்கையின் முன் மண்டியிட்டான். சில அட்டைகளில் நங்கையே மிலாறைப் பறித்து அவனை ஆட்டி வைத்தாள்! கிராமத்தில் குழந்தைக்கு அச்சமாயிருந்தவன், நகரத்தில் பெரியவர்களுக்குக் குறும்பானான். வெளியே சொல்லக் கூசிய ஆசையை அட்டையின் கொம்பு சொல்லிற்று.

2004இல் அந்த அட்டைகள் அமெரிக்காவில் நூலாகத் தொகுக்கப்பட்டன. 2015இல் திரைப்படம் வந்தது. மின்னூல் வணிகம் பெருகிய காலம் அது. பதிப்பாளரின் வாயிலில் காத்திராமல் எழுத்தாளரே நூல் வெளியிடலாம். அவருள் பெண்கள் ஏராளம். அரக்கர் காதற்கதை என்றொரு வகையே தழைத்தது. ஆண்டுதோறும் டிசம்பரில் கிராம்பஸைக் காதலனாக்கிய குறும்புதினங்கள் வரத் தொடங்கின. 2017ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றிலே, ஊமைப் பெண்ணொருத்தி நீர்வாழ் உருவத்தைக் காதலித்தாள். அப் படம் ஆஸ்கர் பரிசே பெற்றது.

"கொம்பனையா காதலிப்பது? காலம் கெட்டது!" என்று கூவுவோர் உண்டு. கூவுவது எளிது, காரணம் தேடுவதுதான் நம் வேலை.

காரணத்தின் வேர் 18ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. 1740இல் பிரான்சு நாட்டு வில்னவ் அம்மையார் அழகியும் விலங்கும் பற்றிய நெடுங்கதையை எழுதினார். 1756இல் போமோன் அம்மையார் அதைச் சுருக்கி இளம் பெண்களுக்கான நூலில் வெளியிட்டார். அவர் செல்வர் வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியை. தந்தை சுட்டிய ஆடவனை, முன்பின் அறியாதவனை, பெண் மணக்க வேண்டிய காலம். எந்த விலங்கின் வீட்டுக்கு அனுப்பப்படுவோமோ என்ற அச்சம், பெண்ணின் உண்மையான அச்சம். கதை ஆறுதல் கூறிற்று: பொறு, விலங்கினுள்ளே மனிதன் இருப்பான்! ஆறுதல்தான், அடங்கிப் போகச் சொன்ன ஆறுதல். ஆயினும் அக் கதையிலே ஒன்று கவனிக்கத்தக்கது. விலங்கு இரவுதோறும் கேட்கிறது, "என்னை மணப்பாயா?" என்று. அவள் இல்லை என்கிறாள். அது தலைகுனிந்து போகிறது. அவளைக் கேட்டவர் உண்டா, அதற்கு முன்?

1984இல் ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர், காதற் புதினம் படிக்கும் பெண்களைச் சந்தித்து ஒரு நூல் எழுதினார். மனைவியராய், தாயராய், நாளெல்லாம் பிறருக்கு உழைத்தோர் அவர்கள். புத்தகம் கையிலிருக்கும் நேரமே தமக்கென்று வாய்த்த நேரம் என்று கருதினர். எல்லோரையும் பேணுகிற தம்மை, கதையிலேனும் ஒருவன் பேணக் கண்டனர். கடுமையாய்த் தோன்றியவன் கனிவது அவர்களுக்குப் பிடித்தது.

இந்த வேட்கைக்குக் கிராம்பஸ் எவ்வளவு பொருந்துகிறான், பாருங்கள்! அவன் கையிலே குற்றப் பட்டியல். ஊரார் அவளைக் கெட்டவள் என்று அதிலே எழுதிவிட்டார்கள். எழுதியது ஏன்? அடங்கவில்லை, எதிர்த்துப் பேசினாள், விரும்பியபடி வாழ்ந்தாள். தண்டிக்க வந்தவன் பட்டியலைப் படிக்கிறான். அவள் முகத்தைப் பார்க்கிறான். இவள் செய்தது குற்றமல்ல என்று தீர்ப்பு மாற்றுகிறான். இதுவே அக் கதைகளின் உயிர்நாடி. வெளியே பனி, பாதை அடைந்துவிட்டது, உள்ளே கணப்பு. அழகிய முகத்தோடு ஏமாற்றிய ஆடவரைக் கண்டவளுக்கு, கொம்பை மறைக்காத ஒருவன் நேர்மையாளனாகத் தோன்றுகிறான். கோரத்தை விரும்பி அவள் அங்கே செல்லவில்லை. தன்னைக் கெட்டவள் என்று சொல்லாத ஒரு வாயைத் தேடிச் செல்கிறாள். அந்த வாய் மனிதர் நடுவே கிடைக்கவில்லை என்றால், வெட்கப்பட வேண்டியவர் வாசகியா, மனிதரா?

ஆயினும் ஒரு கோடு கிழிப்பது நம் கடமை. கதையில் வரும் மிலாறு காகிதம். தெருவில் சுழலும் மிலாறு காகிதமல்ல. இன்றும் சில ஊர்வலங்களில் கொம்பர்கள் பெண்களின் கால்களைக் குறிபார்த்து அடிப்பதுண்டு. காயமும் முறையீடும் எழுந்ததால், ஆடுவோரை அடையாளம் காண எண் அணிவித்த ஊர்களும் உண்டு. புத்தகத்தை மூடும் உரிமை வாசகியின் விரலில் இருக்கிறது. தெருவில் அடிபட்டவள் எதை மூடுவாள்? மரபு என்று சொல்லிப் புண்ணை மறைக்க முடியாது. முகமூடிக்குள் இருப்பவன் பேயல்ல, பெயருடைய ஆள். ஆகவே பொறுப்புடைய ஆள்.

* * *

நாம் பள்ளியிலே பாடம் சொல்கிறவர்கள். ஒருநாள் பிற்பகல், கடைசி வகுப்பு. இரைச்சல் பொறுக்காமல் அளவுகோலை ஓங்கி மேசைமேல் அடித்தோம். முன்வரிசைச் சிறுவன் ஒருவன் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவனை நாம் அடித்ததேயில்லை. யாரிடமோ, எங்கோ கற்றிருக்கிறான் அந்த அசைவை. வகுப்பு அமைதியாயிற்று. பாடம் நடந்தது, மணி அடிக்கும்வரை எவனும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்று மாலை வீடு திரும்பும்போது, நம் தலையில் கொம்பு முளைத்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கத் தோன்றிற்று.

அச்சம் பிள்ளையைப் பேசாதிருக்கச் செய்யும், சிந்திக்கச் செய்யாது. கேள்வி கேட்காத பிள்ளைதான் வளர்ந்து, நேற்றைய புதினத்தை ஆயிரமாண்டு வரலாறென்று நம்புகிறான். எவனோ எழுதிய பட்டியலிலே பெண்ணின் பெயரைத் தேடுகிறான்.

கிராம்பஸ் பிறந்த அதே ஆஸ்திரியா, 1989ஆம் ஆண்டு, வீட்டிலும் பிள்ளைகளை அடிக்கலாகாது என்று சட்டம் செய்தது. உலகில் முதன்முதல் அவ்வாறு செய்த நாடுகளுள் அதுவும் ஒன்று. கொம்பன் இன்னும் அங்கே ஆடுகிறான். ஆடட்டும், அது கலை. சில ஊர்களில், ஆட்டத்துக்கு முன்னே குழந்தைகளை அருகழைத்து, முகமூடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்; அவர்கள் கண்ணெதிரிலேயே அணிகிறார்கள், கழற்றுகிறார்கள். உள்ளே இருப்பவர் அடுத்த தெருத் தச்சரின் மகன் என்று குழந்தை கண்டுகொள்கிறது. சிரிக்கிறது.

தோழர்களே, நம் வேலையும் அதுவே. முகமூடியை எரிக்க வேண்டாம், கழற்றிக் காட்டுவோம்!